ராமையா கங்காணியின் கறுப்புக் கோட்டு

போன வாரம் என் மகள் என்னைப் பூண்டுலோயாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போனாள். ஹோட்டல் என்றால், ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை குடியிருந்த பங்களாதான். வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகப் புல்வெளியில் விறகைக் குவித்து எரித்தார்கள்; வாணம் விட்டார்கள். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு என்போம், ஈரத்தோடு எரியும்போது ஒரு கசப்பு வாசம் வரும். அதோடு வெடிமருந்தும் சேர்ந்து மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது.

அந்த வயதில் நான் அங்கே சின்னக் கிளாக்கர். நவம்பர் ஐந்தாம் திகதி என்றால் துரைக்குத் தீபாவளி. அவர்கள் ஊரில் எப்போதோ ஒருவன் ராஜாவை வெடிவைத்துக் கொல்லப் பார்த்துப் பிடிபட்டானாம். அதிலிருந்து வருடா வருடம் அவனைப் போல ஒரு பொம்மை செய்து நெருப்பில் போடுகிறார்கள். அந்த வருடம் பொம்மை செய்யும் பொறுப்பை துரை என்னிடம் கொடுத்தார். தோட்டத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது போல நான் நடந்துகொண்டேன்.

சாக்கில் மானாப்புல்லைத் திணித்து உடம்பு செய்தேன். துரை தன் பழைய காற்சட்டையைத் தந்தார். கோட்டு மட்டும் இல்லை. "நல்ல கோட்டாகப் பார்" என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். முந்தின மாதம்தான் ஹட்டனில் தைத்த சாம்பல் நிறக் கோட்டு. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரே தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய் ராமையா கங்காணியைப் பிடித்தேன்.

கங்காணி அப்போது ஆள் மேய்க்கும் வேலையிலிருந்து ஓய்ந்திருந்தார். விசேஷ நாளென்றால் வேட்டி, தலைப்பாகை, மேலே தன் தகப்பனாரின் கறுப்புக் கோட்டு. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் அப்படித்தான் வருவார்.

"பங்களாவுல ஒரு விசேசம் கங்காணி. ஒரு பொம்மைக்குப் போடணும். துரை கேட்டார்" என்றேன். எரிக்கப்போகிறோம் என்று சொல்லவில்லை.

"தொரையே கேட்டாரா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. தகரப்பெட்டியைத் திறந்து எடுத்தார். பாச்சை உருண்டை மணம். "அடுத்த வாரம் தீவாளி, கிளாக்கரையா. அதுக்குள்ள குடுத்துருங்க."

"நாளைக்கே தந்துடுறேன்."

ஐந்தாம் திகதி மத்தியானம் முழுக்க மழை. நான் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் நடுவே நனைந்த கோழி போல ஓடிக்கொண்டிருந்தேன். நாலரைக்கு மழை விட்டது. மிலாறுக் குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றினோம். தகரக் குழாய்களில் வாணங்களை நட்டோம். லயத்துச் சனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலிக்கு வெளியே கூடிவிட்டார்கள். உள்ளே வர அவர்களுக்கு அனுமதியில்லை. பொம்மையை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிவர, நான் முன்னால் நடந்தேன்.

"யாருங்க ஐயா அது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ராஜாவைக் கொல்லப் பார்த்தவன்."

"இன்னும் புடிக்கலியா?"

"அப்பவே பிடிச்சுத் தூக்குல போட்டாச்சு."

"பின்ன ஏன் வருசா வருசம் எரிக்கிறாக? செத்தவன விடமாட்டாக போல."

வேலி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பொம்மையை உச்சியில் ஏற்றி துரை தீ வைத்ததும் மிலாறு படபடவென்று பற்றியது. முதல் வாணம் சீறிக்கொண்டு மேலே போய்ப் பச்சையாக உடைந்தபோது மலை முழுவதும் ஒரு கணம் தெரிந்தது. தேயிலை, லயம், கோயில், அண்ணாந்த முகங்கள். ஓவென்று சனம் கத்தியது. துரைசாணி சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை வெண்ணெய் தடவி என் கையிலேயே தந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோட்டு எனக்கு நினைவே இல்லை.

திரும்பும் வழியில் வேலியோரம் கங்காணி நின்றிருந்தார்.

"ஐயா, எரிஞ்சது நம்ம கோட்டுங்களா?"

"சேச்சே. ஏத்துறதுக்கு முன்னாடி மாத்திட்டோம். உங்க கோட்டு துரைக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கொஞ்ச நாள் அலமாரியில வச்சுக்கிறேன்னார்."

வாயில் வெண்ணெய் மணக்கச் சொன்ன பொய். என் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். அது என் மேலேதான் இருந்தது.

அந்தத் தீபாவளிக்குக் கங்காணி வெறும் சட்டையோடு கோயிலுக்கு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "நம்ம கோட்டு தொரை பங்களாவுல இருக்கு" என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிரும். அந்தப் பெருமையை உடைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

இரண்டு வருடத்தில், இரு நாட்டு ஒப்பந்தப்படி, அவர் குடும்பம் ஒரேயடியாக இந்தியா போகக் கடிதம் வந்தது. வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். விடிகாலைக் குளிர், துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டைத் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றிருந்தேன். கோச்சி நகரும்போது என் கையைப் பிடித்தார்.

"தொரைகிட்டச் சொல்லுங்க ஐயா. மாசம் ஒருக்கா அதுக்கு வெயில் காட்டணும். இல்லாட்டி பூச்சி அரிச்சுரும்."

"சொல்றேன் கங்காணி" என்றேன்.

இந்த வருடம் நெருப்பில் பொம்மை இல்லை. வேலி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த லயத்தில் இப்போது யாரும் குடியில்லை, கூரை விழுந்துவிட்டது. துரையும் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். என் சாம்பல் நிறக் கோட்டு மட்டும் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வந்து கழற்றியதுதான், பிறகு போட்டதில்லை. மாதம் ஒருமுறை அதை வெயிலில் போட்டு எடுக்கிறேன்.