என் மூங்கிலைத் தாண்டாதவன்

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு மைதானத்தில் ஒருவன் என் மூங்கிலைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

யார் மூங்கிலை? மயிலாப்பூரில் கல்யாணமோ, கச்சேரியோ, கவர்னர் வருகையோ — பந்தல் என்றால் என் பந்தல்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் மூங்கிலைத் தட்டிப் பார்த்தே அதன் வயசைச் சொல்லிவிடுவேன்.

நின்றவன் நொச்சிக்குப்பத்துத் தேசப்பன். ஹை ஜம்ப்காரன். கொழும்புக்குப் போய் ஜெயித்தான், ரங்கூனுக்குப் போய் ஜெயித்தான். இப்போது சீமைக்குப் போகும் கோஷ்டிக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து ஆள் பொறுக்குகிறார். ஆறடி தாண்டினால் கப்பல். தாண்டாவிட்டால் மறுபடி கட்டுமரம். மூன்று சான்ஸ்தான்.

எனக்கு இந்த விளையாட்டில் நெடுநாளாக ஒரு சந்தேகம். ஓடி வருகிறான்... காலை வீசுகிறான்... அப்புறம் ஒரு கணம் காற்றில் உட்கார்ந்திருக்கிறான். எதன்மேல் உட்காருகிறான்? அதைப் பார்க்கத்தான், பந்தல் போட்ட கையோடு முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

தேசப்பனுக்கு முன்னால் தாண்டிய காலேஜ்காரர் குறுக்கு மூங்கில்மேலேயே விழுந்தார். படக்! இரண்டு துண்டு. எல்லோரும் யாரைப் பார்த்தார்கள்? என்னைத்தான். வண்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். ஈட்டி மாதிரி நேர். உப்புக்காற்றில் பதப்பட்டது. பழைய சாமான்காரனிடம் ஆசைப்பட்டு வாங்கியது.

தேசப்பன் ஓடி வந்தான். மூங்கில் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். நின்றாலும் சான்ஸ் போனது போனதுதானாம். மறுபடி ஓடி வந்தான். மறுபடி நின்றான்.

எழுந்து போனேன்.

"இன்னாடா தேசப்பா, பயமா?"

"பயம் இல்ல நைனா. இது பாய்மரம். பாரு, பாய் கட்ன தழும்பு கீது. கடலுக்குப் போய் வந்த சாமானை நாங்க தாண்ட மாட்டோம்."

"அதான் வித்தாச்சே! இப்ப அது என் மூங்கில்டா."

"வித்தவன் வித்துட்டான். என் காலு கேக்க மாட்டேங்குதே. ரெண்டு தபா ஓடியாந்தேன், தானா நின்னுடுச்சு. வேற குடு நைனா. இன்னும் ஒசத்தி வெச்சாலும் தாண்றேன்."

கிளப் செக்ரடரி, மயிலாப்பூர் வக்கீல், பந்தலிலிருந்து கத்தினார்: "என்ன ஓய், அங்க கதாகாலட்சேபம்? துரை கடிகாரத்தைப் பார்த்துண்டிருக்கார். தாண்டலேன்னா பேரை அடிச்சுடுவா!"

வண்டியில் மிச்சமெல்லாம் தொடை கனம். ஒல்லியாக ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது — துரையின் தலைக்கு மேலே, பந்தலின் முன்பக்கத்தில். யோசிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து உருவினேன். துணி சரிந்து துரையின் தொப்பியை மூடியது.

"ஓய்! ஓய்!" என்று செக்ரடரி துணிக்குள்ளிருந்து அலறினார். நான் கட்டிய பந்தலை நானே பிரித்தது அன்றுதான் முதல்.

கடைசி சான்ஸ். தேசப்பன் புது மூங்கிலை ஒருமுறை தடவிப் பார்த்தான். பின்னால் போனான். ஓடி வந்தான்... நிற்கவில்லை. காற்றில் உட்கார்ந்தான். மூங்கில் லேசாக நடுங்கியது. விழவில்லை.

துரையே துணியை விலக்கிக்கொண்டு கை தட்டினார்.

கப்பல் நிச்சயமானதும் அவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தரையில் கிடந்த பாய்மரத்தை நோக்கி நடந்தான். நேரே தாண்டி வந்திருக்கலாம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றி வந்து, அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான்.

"குப்பத்துல யாருதுன்னு விசாரிச்சுக் குடுத்துடறேன் நைனா."

நான் ஆசைப்பட்டு வாங்கிய மூங்கில்! போகட்டும்.

"சரிடா, கப்பல்ல கால் வெக்கிற எடமெல்லாம் கயிறும் சங்கிலியுமா கெடக்குமே. அப்ப இன்னா செய்வே?"

"ரங்கூன் போறப்ப இன்னா செஞ்சேனோ, அதான். சுத்திக்கினு போவேன்."

ஆறடியைத் தாண்டுகிறவன் அரையடி உயரக் கயிற்றைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி நடந்தே சீமைக்குப் போகப் போகிறான். காற்றில் எதன்மேல் உட்காருகிறான் என்று கேட்டேனே...

இதன்மேல்தானோ, என்னவோ!