விதாத் சிரித்த படம்

கூடத்திலிருந்து விம்மல் கேட்டது. உள்ளறையில் மடியில் வெள்ளைத் துணி விரித்து, கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஹூரியாவின் கை நின்றது.

"யாரு அண்ணி?"

நாத்தனார் கைரா கதவோரம் தலையை நீட்டினாள். "விதாத்தோட அம்மா ஸுலீகா. காபியக்கூடத் தொடல. கேமராவக் கீழ வச்சுட்டு வா. என் தம்பி மூஞ்சிய ஒருநாளாவது இப்படித் துடைச்சுவிட்டிருப்பியா நீ?"

ஹூரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டரியைக் கழற்றி, அதன் முனைகளைப் பஞ்சால் ஒற்றி உறையில் போட்டாள். திலிம்சான் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள் அவள். வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே அவள் கேமரா மட்டும்தான். சாம்பிராணிப் புகை லென்ஸில் படியும். ஜரிகைத் தூள் பொத்தான் இடுக்குகளில் புகும். கல்யாணம் முடிந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்யும்போது மெமரி கார்டையும் துடைத்தழித்துவிடுவாள். முக்காடில்லாமல் ஆடிய பெண்களின் படங்கள் மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்தைத் தவிர வேறெங்கும் தங்கக்கூடாது. அந்த நம்பிக்கைதான் அவள் பிழைப்பு.

கேமராவோடு ஹூரியா கூடத்துக்கு வந்ததும் ஸுலீகா எழுந்து நின்றாள். பிரசவத்தில் மகள் விதாத்தைப் பறிகொடுத்தவள்; உருக்குலைந்து போயிருந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல ஆல்பத்த எரிச்சுட்டாங்களாம் ஹூரியா. புது மருமக வந்திருக்காளாம், அவ மனசு நோகுமாம். எங்கிட்ட அடையாள அட்டைப் படம்தான் இருக்கு. அதுல எம்பொண்ணு முறைக்கிறாடி. முத்துமாலையோட, கல்யாணத் தொப்பி சரிஞ்சு சிரிச்சாளே, அந்தப் படம் உங்கிட்ட இருக்கும்ல?"

"அக்கா... நீங்கதானே இதே இடத்துல உக்காந்து, கண்ணெதிர்ல அழிக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். பாவி, நாந்தான் சொன்னேன். ஆனா படக்காரிங்க திருட்டுத்தனமா ஒண்ணு எடுத்து வச்சுப்பாங்கன்னு ஊரே பேசுதே! நீயும் வச்சிருந்தா கோவிச்சுக்க மாட்டேம்மா. வச்சிருக்கேன்னு சொல்லு."

அன்று அந்தப் படத்தின் மேல் ஹூரியாவின் கட்டைவிரல் தயங்கியது உண்மை. அவள் எடுத்ததிலேயே அழகான படம் அது. ஆனாலும் அழுத்திவிட்டாள். அதே கார்டில் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் ஏறி இறங்கிவிட்டன.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"ஒரே ஒரு தடவ என்னை ஏமாத்தியிருக்கக் கூடாதா நீ?"

ஸுலீகா மெல்ல ஹூரியாவின் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"ஆமாக்கா."

வாங்கி, லென்ஸைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். மகளைக் கடைசியாகச் சிரிக்கப் பார்த்த கண்ணாடி. அது நனைந்தது. பதறிப்போய்த் துணியோடு கையை நீட்டிய கைராவை ஹூரியா தடுத்தாள்.

வெகுநேரம் கழித்து ஸுலீகா கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா சுத்தமா வச்சிருக்கம்மா," என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் ஹூரியாவைக் கொன்றது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸுலீகா படியிறங்கினாள். கைரா கதவைச் சாத்தினாள்.