வடிவாப் பார்த்த காந்தம்

நான் கடல் கடந்து வந்து குடியேறிய செவன் ஹில்ஸில் ஒரு சின்ன மோட்டார்ப் பட்டறை. மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். மோட்டாருக்குள் காந்தப்புலம் எப்படி ஓடும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. முதலாளிக்கு அதில் அரை நம்பிக்கைதான். அந்த வெள்ளைக்காரர் எதையும் செய்து பார்த்துத் திருத்துகிற ஆள்.

அந்த மூன்று மாதத்தின் கடைசி வாரம் ஒரு சக்கர நாற்காலி மோட்டார் தயாரானது. சுழற்றிப் பார்த்தால், அதில் பிறக்கும் மின்னழுத்தம் என் கணக்கு சொன்னதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் கணக்கும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு நாள் கணினியைப் போட்டுப் பிழிந்தேன். இரும்பின் குணத்தைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்படியானால் பிழை பட்டறையில்தான் என்று முடிவுகட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் பழி எப்போதும் அடுத்தவர் தலையில்தான் விழும்.

மோட்டாரைப் பொருத்தியவர் கோயம்புத்தூர்க்காரர். நான் யாழ்ப்பாணம். அவர் காந்தங்களைச் சரியாக ஒட்டவில்லை என்று எனக்குச் சந்தேகம். நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது.

"அண்ணை, அந்தக் காந்தங்களை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றேன். எங்கள் பேச்சில் அதற்குக் கவனமாகப் பாருங்கள் என்று அர்த்தம்.

"சரிங்க மேடம்" என்று போனவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளோடு வந்தார். மிச்சமிருந்த காந்தம் ஒன்றை, காந்தம் கவ்வாத பிளாஸ்டிக் வேர்னியர் அளவுகோலால் இடம் இடமாக அளந்து வரைந்திருந்தார்.

"வடிவத்தப் பாக்கச் சொன்னீங்கல்ல? நடுவுல சரியா இருக்குதுங்க. ஓரம் ரெண்டும் மெலிசா இருக்குது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காந்தம் விற்ற கம்பெனி தந்த வரைபடத்தில் அது தேங்காய்ச் சொட்டு மாதிரி வளைந்த சில்லு, எங்கும் ஒரே தடிப்பு. அதை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தேன். அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரங்களைச் சீவியிருக்கிறார்கள்! ஓரம் மெலிந்தால் அங்கே புலமும் குறையும். அவருடைய அளவுகளைக் கணினிக்குக் கொடுத்தேன். திரையில் கணக்கின் புதுக்கோடு ஏறி, வளைந்து, மோட்டாரில் அளந்தெடுத்த மின்னழுத்தக் கோட்டின் மேலேயே போய்ப் படுத்தது. "அண்ணை, சரி வந்திட்டுது!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே ஃபோர்க்லிஃப்ட் நின்றுவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். காந்தத்தை அளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல நாக்குத் துடித்தது. வேலை அல்லவா தொங்குகிறது!

"இவருக்கு" என்றேன். "நான் இவர் வேலையில்தான் பிழை என்று நினைத்தேன்." அண்ணையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் வேறொரு மோட்டாரை வரைந்து, இது எப்படி ஓடும் என்று கேட்டார். இன்னும் செய்யாத ஒரு மோட்டாரைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.