எந்தப் பேப்பர்?

நானே செய்த சிஎன்சி ரூட்டரில், அதாவது கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரத்தில், இன்று அக்காவின் புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை செதுக்கினேன். நாளை பால் காய்ச்சுகிறார்கள். அரை மில்லிமீட்டர் ஆழம் கொடுத்தேன். எழுத்து நகக்கீறல் மாதிரி விழுந்தது.

பலகை மேல் பேப்பரை வைத்து, அதில் முட்டும்வரை செதுக்கும் பிட்டை இறக்கி, பேப்பர் கனம் 0.1 மில்லிமீட்டரைக் கழித்தால் ஆழம் சரியாக வரும் என்று இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். அப்படியேதான் செய்தேன்.

பக்கத்து அச்சகத்து அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

"என்ன பேப்பர் வச்சீக?"

"பேப்பர்தான் அண்ணாச்சி. மேசையில கெடந்துச்சு."

என் கையிலிருந்ததை வாங்கி விரலால் தடவினார். "இது காலண்டர் அட்டை. நாலு பேப்பர் கனமிருக்கும்."

கனம் அளக்கும் மைக்ரோமீட்டரும் 0.4 என்றது.

அதைக் கழித்து மறுபடி ஓட்டினேன். எழுத்து பதிந்துவிட்டது.

எத்தனை ஜிஎஸ்எம் எடையுள்ள பேப்பர் என்று வெள்ளைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். வேறு ஊர்களில் பேப்பர் என்றால் ஒரே பேப்பர்தானா?

சிவகாசிக்காரர்கள் பதில் சொல்ல வேண்டாம்.