தூக்கத்தில் பேசுகிறவளுக்கு ஒரு கட்டில்

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று பழமொழி உண்டு. அவள் அதைத் தலைகீழாகப் படித்தவள். பகல் முழுக்க வாயில்லாப் பூச்சி. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கண்ணை மூடித் தூங்கிய பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கும். அண்ணன் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர் வைத்தான். வீட்டில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. சொந்தப் பேர் பள்ளிக்கூடத்தோடு சரி.

வீடு என்றால் ஒற்றை அறை. ஒரு மூலையில் சமையல், ஒரு மூலையில் படிப்பு, விளக்கை அணைத்தால் எல்லா மூலையிலும் படுக்கை. அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவில் அவள் இடம். அண்ணன் கதவோரம். அப்பா இறந்து வெகுநாளாகிவிட்டது. அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நின்றே வேலை பார்த்து வந்து அடித்துப்போட்டாற்போலப் படுப்பாள். ஆனாலும் நடுவில் மகள் ஏதாவது கேட்டால், அந்தப் பாதித் தூக்கத்திலும் ஒரு பதில் சொல்லிவிடுவாள். மகள் சமாதானமாகித் திரும்பிப் படுப்பாள். பரீட்சை சமயத்தில் இவள் தூக்கத்தில் வேதியியலை ஒப்பித்த ஒப்பிப்பில், பக்கத்தில் படுத்திருந்த தங்கைக்கு அமிலமும் காரமும் தானாக மனப்பாடமாகிவிட்டன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வெளியாட்கள் சிரித்தபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பள்ளியில் ஒருமுறை சுற்றுலா போய் எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள். மறுநாள் பேருந்து முழுக்க அவள் குரலில் பேசிக் காட்டியது. தான் என்ன பேசினோம் என்று அவளுக்கே தெரியாது. தெரியாததை எப்படி மறுப்பது? அதற்குப் பிறகு அவள் வெளியிடத்தில் கண்ணை மூடியதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எந்த விடுதியில் தங்கினாலும் உதவித்தொகையிலேயே அடங்கிவிடும், நேரில் வந்து பார்த்து, அன்று மாலைக்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். எல்லாரும் எந்தத் துறை, எந்தப் பேராசிரியர் என்று விசாரித்துக்கொண்டிருக்க, அவளுக்கு ஒரே கவலைதான்: எங்கே தூங்குவது?

அண்ணன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். முதலாளியிடம் கேட்டு அந்த வண்டியிலேயே இருட்டு விலகுவதற்கு முன் சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவையும் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பல்கலைக்கழக வாசலைத் தாண்டியும் சாலை போய்க்கொண்டே இருந்தது. வழி தவறி மறுபக்கமாக வெளியே வந்துவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்து, காவலாளியிடம் உள்ளே போகிற வழி எது என்று கேட்டான். நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்றார் அவர். உள்ளுக்குள்ளேயே பேருந்து ஓடியது. தபால் நிலையம் இருந்தது. படகு கட்டிய ஓர் ஏரிகூட இருந்தது.

“ஊருக்குள்ள பல்கலைக்கழகம் இருக்கும்னு நினைச்சேன். இங்க பல்கலைக்கழகத்துக்குள்ள ஊர் இருக்கு” என்றான்.

அவள் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் கண்ணாடி. மாடிக்கு மாடி ஆட்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் தலைக்கு மேலே ஒருத்தர், அவர் தலைக்கு மேலே இன்னொருத்தர் என்று அது வானம் வரைக்கும் போனது. அம்மா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, இத்தனை பேர் படித்தும் தீராத அளவுக்கு அப்படி என்னடி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

விடுதிகளைச் சுற்றிக் காட்ட இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் பட்டை மாட்டியிருந்தாள். முதலில் கோபுர விடுதிக்கு அழைத்துப் போனாள். புதுக் கட்டடம், ஆளுக்கு ஒரு தனி அறை. மின்தூக்கி உயரப் போகப் போக அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே ஏரி ஒரு தட்டு அளவுக்குக் கிடந்தது. அவள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். தாழ்வாரத்துச் சத்தமெல்லாம் குழாயை மூடினாற்போல நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. அது தன் மூச்சுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து அவள் தன் மூச்சுச் சத்தத்தைத் தனியாகக் கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்தது. இங்கே என்ன வேண்டுமானாலும் உளறலாம், எவருக்கும் தெரியாது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே வந்து, சுவரை விரல் முட்டியால் தட்டினாள். “இங்க பேசினா அந்தப் பக்கம் கேக்குமாம்மா?”

“சுத்தமா கேக்காது ஆன்ட்டி. கத்தினாக்கூட கேக்காது” என்றாள் மஞ்சள் பட்டைக்காரி பெருமையாக.

மகளுக்குத் தேன் குடித்தாற்போல இருந்தது. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

கீழே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். தான் ராத்திரி வேலைக்குப் போயிருந்த ஒருநாள், இவள் தூக்கத்தில் ஏதோ கேட்டுக் கேட்டுப் பார்த்தாளாம். அண்ணன் கும்பகர்ணன், தங்கை கைக்குழந்தை. பதில் வராமல் பயந்து, எழுந்து உட்கார்ந்து, விடிந்து அம்மா வீடு திரும்புகிறவரைக்கும் அழுதாளாம். இவளுக்கு அது நினைவே இல்லை.

“தூங்கிட்டிருக்கப்போ யாரு பதில் சொன்னா எனக்கென்னம்மா?”

“உனக்குத் தெரியாதுடி. முழிச்சிட்டிருந்தவ நான்.”

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீளக் கூடத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டால் இந்த வழக்கு முடிந்துவிடும் என்றான்.

நீளக் கூடம் பழைய விடுதி. ஆள் உயரத்துக்கு மேல் உயரமான ஜன்னல்கள், எதிரும் புதிருமாக எட்டுக் கட்டில்கள், மறைப்புக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அலமாரி. ஒருத்தி தும்மினால் மற்ற ஏழு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். குட்டை முடி வெட்டியிருந்த ஒரு பெண் ஒரு கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் புதுசு, கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போன அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அண்ணன் வண்டியை நகர்த்தப் போனான். மஞ்சள் பட்டைக்காரி வேறொரு குடும்பத்தை அழைத்துவர, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஏரிக் காற்று வந்தது. விடியலுக்கு முன் எழுந்த உடம்பு. சும்மா சாய்ந்து பார்க்கலாம் என்றுதான் அவள் கட்டிலில் சாய்ந்தாள்.

கண்ணைத் திறந்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டைமுடிக்காரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“பேசினேனா?”

“நல்லாவே” என்றாள் குட்டைமுடிக்காரி. “கதவை யாரு சாத்தினதுன்னு கேட்டீங்க. உங்கம்மா பதிலே சொல்லல. நீங்க விடாம கேட்டுக்கிட்டே இருந்தீங்க. பாவமா இருந்துச்சு. காத்துல சாத்திக்கிச்சு, தூங்குங்கன்னு நான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“சரி, தொறந்தே வைங்கன்னீங்க. போய்த் தொறந்துட்டு வந்தேன்.”

இவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பைத் தேடினாள்; இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுப்பதுபோல, முன்பின் தெரியாத ஒருத்தி தூங்குகிறவள் சொன்னதற்காக எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறாள்.

“நீ ஏம்மா பதில் சொல்லல?”

“வேற யாராவது சொல்றாங்களான்னு பாத்தேன்” என்றாள் அம்மா. கீழுதட்டில் பல் பதிந்த தடம் தெரிந்தது. பதினெட்டு வருஷம் பதில் சொல்லிப் பழகிய வாய், எவ்வளவு நமநமத்திருக்கும்!

பிறகு அம்மா நாற்காலியைக் குட்டைமுடிக்காரியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, புது மருமகளிடம் சாவிக்கொத்தை ஒப்படைக்கிற மாமியார் மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.

“பேர் சொல்லிக் கூப்பிடாத, எழுந்துடுவா. ஏதாவது கேட்டா வெறும் ‘ம்’ போடாத, கோவம் வரும். முழுசா ஒரு பதில் சொல்லணும். மழை வருதான்னு கேப்பா. வரலைன்னாலும் வருதுன்னு சொல்லு, சிரிச்சுக்கிட்டே தூங்கிடுவா. கணக்கு கேட்டா தெரியலைன்னு சொல்லிடு, அவளே போட்டுக்குவா. சின்னதா இருந்தப்ப கப்பலைப் பத்தியே கேப்பா. இப்பல்லாம் நட்சத்திரம்தான்.”

அவள் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். கப்பலைப் பற்றி நினைத்ததாகவே அவளுக்கு ஞாபகமில்லை. மழை என்றால் சிரித்துக்கொண்டே தூங்குகிற ஒருத்தி. அந்தப் பெண்ணை அவள் சந்தித்ததே கிடையாது. அம்மா தினமும் சந்தித்திருக்கிறாள். இஸ்திரிச் சூட்டில் வெந்த கையோடு வந்து படுத்து, அவள் கேட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். காலையில் நூலகத்தை அண்ணாந்து பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு மலைப்பாக இருக்கவில்லை.

குட்டைமுடிக்காரி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, சங்கடத்தோடு ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கு ஊசி விழுந்தாலும் தூக்கம் போய்விடுமாம். அதனால் கோபுர விடுதிதான் என்று அப்பாவும் அவளும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்களாம்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் கேட்டுக்கொண்டு நின்ற அண்ணன், “இவ்வளவு நேரம் பாடம் எடுத்தியேம்மா, மாணவி வேற வகுப்புக்குப் போயிட்டாளே” என்றான். மகள் சிரிக்கவில்லை. எழுந்து விடுதி அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே வரிசையில் இருந்த அத்தனை பேரும் கோபுரம், கோபுரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. “நீளக் கூடம்” என்றாள்.

அங்கிருந்த பெண் அலுவலர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். உன் மதிப்பெண்ணுக்குக் கோபுரத்திலேயே மேல்மாடி கிடைக்குமே என்று சொல்லி, ஏன் என்று கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் அண்ணனோ அம்மாவோதான் பேசுவார்கள். பின்னாலேயே வந்திருந்த இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் தூக்கத்துல பேசுவேன் மேடம். பக்கத்துல ஆள் இருந்தா பதில் சொல்வாங்க.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவலர் விசைப்பலகையில் தட்டிக்கொண்டே, தெரியாத பிள்ளைகள் ஏழு பேரும் என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டார்.

“அதை நானே அவங்களுக்குச் சொல்லிடுவேன்” என்றாள் அவள். “வெறும் ‘ம்’ மட்டும் போடக் கூடாது.”