டாக்டர் கோட்டின் மூன்றாவது பட்டன்

வெள்ளை என்றால் எல்லாம் ஒரே வெள்ளைதானே என்று அந்தக் கடை வாசலில் நின்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவர்கள் வேறு வேலை பார்த்த மாதிரிதான். கடைக்காரி முப்பத்தெட்டு டப்பாக்களை இறக்கி மேசைமேல் பரப்பிவிடுவாள். பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, துவைத்துத் துவைத்து அலுத்துப்போன வெள்ளை, கோபத்தில் முகம் வெளுக்குமே அந்த வெள்ளை. ஒவ்வொரு டப்பாவின் நெற்றியிலும் ஒரு மாதிரிப் பட்டன் நூலால் கட்டித் தொங்கும். வந்தவர் அறுந்துபோன ஒற்றைப் பட்டனுக்கு ஜோடி தேடி வந்திருப்பார். போகும்போது வெள்ளையில் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்.

கடை ஆறடி அகலம். ஒரு பக்கம் தையற்கடை, இன்னொரு பக்கம் சாவி செய்கிறவர். உள்ளே தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள், ஒரு ஏணி, ஏணியில் எப்போதும் பாதி ஏறிய நிலையில் ஒரு நாத்தனார். கணவர் காலமான பிறகு கடைக்காரி கடையை எடுத்து நடத்த, துணைக்கு நிற்பது அவருடைய தங்கைதான். அந்த நாத்தனார் நாள் முழுக்க ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தெருவுக்கே கடைக்காரி அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த, ஓய்வுபெற்ற தபால்காரர்கூட, “அண்ணி, ஒரு ஊக்கு குடுங்க” என்றுதான் கேட்பார்.

அண்ணியின் கண்ணைப் பற்றி அந்தத் தெருவில் நிறையக் கதைகள் உண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்திலிருந்து இறங்கிய ஒருவரைப் பார்த்து, “நாலாவது பட்டன் உங்க வீட்டுல தைச்சது இல்லையே?” என்று அவள் கேட்டதில், அந்த வீட்டில் பத்து நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனதாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அவர் அப்புறம் அந்த நிறுத்தத்தில் இறங்குவதில்லை என்பது உண்மை.

அப்பேர்ப்பட்ட கண்ணில் புரை விழுந்தது. விழுந்தது கண்ணில் என்பதை அண்ணி இரண்டு வருஷம் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் பல்பைக் குறை சொன்னாள். பல்பை மாற்றினார்கள். பிறகு பட்டன் கம்பெனியைக் குறை சொன்னாள்.

“சாயத்துல கலப்படம் பண்றான். வெள்ளையில எல்லாம் அழுக்கு.”

“அண்ணி, கம்பெனிக்காரன் மேல தப்பில்ல. ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்.”

“முதல்ல உன் ஸ்வெட்டருக்கு ஒரு பட்டனைத் தைச்சுப் போடு. அப்புறம் என் கண்ணைப் பத்திப் பேசலாம். பட்டன் கடையில நின்னுக்கிட்டு பட்டன் இல்லாத ஸ்வெட்டரு!”

நாத்தனாரின் கறுப்பு ஸ்வெட்டரில் மேல் பட்டன் அறுந்து ஒரு வருஷமாகியிருந்தது. அதனால் அவளால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

கடைசியில் ஒருநாள் அண்ணி கடை ஏணியை வழிவிடச் சொல்லி அதட்டினாள். ஏணியை ஆள் என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. வலது கண்ணில் அறுவை நடந்தது. புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு சின்ன லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அண்ணி முதலில் பார்த்தது நாத்தனாரை.

“ஏண்டி, உனக்கு எப்ப இப்படி நரைச்சுது?”

“ரெண்டு வருஷமாச்சு அண்ணி. உங்க புண்ணியத்துல இவ்வளவு நாள் சின்னப்பொண்ணா இருந்தேன்.”

ஆஸ்பத்திரிச் சுவர் சுவராகவே இல்லை, ஒளிதான் அங்கே நின்றுகொண்டிருந்தது. அண்ணி நிமிர்ந்த தலையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும்தான் அந்த நிமிர்வு. ரொட்டிக்கடைக்காரரின் வெள்ளை அங்கியில் ஏழு பட்டன்களும் பழுப்பு. எதிரே வந்த பள்ளிக்கூட வாத்தியாரின் சட்டையில் இரண்டு பழுப்பு. பக்கத்துத் தையற்காரர் மாட்டிவைத்திருந்த புத்தம்புதுச் சட்டைகள் வரிசையாக, அத்தனையும் பழுப்பு. இரண்டு வருஷமாக அவள் பால் வெள்ளை என்று அடித்துச் சொல்லி விற்ற பட்டன்கள் தெரு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தன.

“ஒருத்தருக்குமா தெரியல?” என்று தையற்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

“தெரிஞ்சுது அண்ணி.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கறது?”

ஒரு வாரம் கழித்துக் கண்ணைக் காட்டப் போனாள். டாக்டர் இளைஞர், நல்ல பொறுமைசாலி. பெயர் தெரியாத நோயாளிகளையும் ‘அம்மா’ என்றே கூப்பிடுகிறவர். அவர் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் அண்ணியின் புதுக்கண் அவர் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பட்டன்.

“டாக்டர் தம்பி, அந்தப் பட்டன் எந்தக் கடையில வாங்கினது?”

நர்ஸுக்கு இருமல் வந்தது.

“உங்க கடையிலதாம்மா. போன வருஷம் எங்கம்மா வாங்கிட்டு வந்தாங்க. மஞ்சளா இருக்கேன்னு உங்ககிட்டயே கேட்டாங்களாம்.”

“நான் என்ன சொன்னேனாம்?”

“முதல்ல கண் டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு சொன்னீங்களாம்.”

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கும்போது சபதம் போட்டாள். “அடுத்த தடவை சரியான பட்டனோடதான் வருவேன். அது இல்லாம இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்.” மற்ற பட்டன்களைக் குனிந்து பார்த்து மனசில் எழுதிக்கொண்டாள். நாலு ஓட்டை, மெல்லிய விளிம்பு, இருபத்திரண்டாம் நம்பர் டப்பா. கடைக்கு வந்து பார்த்தால் அந்த டப்பா காலியாக இருந்தது. கம்பெனிக்கு எழுதிப்போட்டாள்.

அடுத்த சில மாதங்கள் தெருவில் ஒருவரும் அவளிடமிருந்து தப்ப முடியவில்லை. போகிற வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து உட்காரவைத்து, பழுப்பை வெட்டி எறிந்து வெள்ளையைத் தைத்து அனுப்பினாள். தபால்காரர் அவசரமாக ரயிலுக்குப் போவதாகச் சொன்னார். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

கம்பெனியிலிருந்து இருபத்திரண்டாம் நம்பர் வந்துசேர ஐந்து மாதம் ஆனது. டப்பாவை ஆசையாகத் திறந்தாள். உள்ளே பட்டன்கள் பனியில் கிடந்தன.

கிட்டத்தில் பார்க்கப் போடும் கண்ணாடியைத் துடைத்தாள். புடவைத் தலைப்பால் இன்னொரு தரம் துடைத்தாள். யாரோ வாய்வைத்து ஊதிவிட்ட மாதிரி ஒரு புகை, துடைத்தாலும் போகாத இடத்தில் இருந்தது. அடுத்த வாரம் எதிரே வரும் வண்டி விளக்குகளைச் சுற்றியெல்லாம் மயிர் மயிராக ஒளி முளைத்தது. அண்ணிக்கு ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. அறுவைக்குக் காத்திருந்த அன்று பக்கத்து நாற்காலிக்காரி யாருடைய கதையையோ சொன்னபோது, “உள்ள வைக்கறது ஒரு தடவைதான், கெட்டா கெட்டதுதான்” என்றிருந்தாள். இடது கண் ஏற்கெனவே எண்ணெய்க் காகிதம். வலதும் போய்விட்டால் முப்பத்தெட்டு டப்பாவும் ஒரே டப்பா. டாக்டரிடம் போனால் அதை வாயால் கேட்க வேண்டிவரும். போகாமலிருக்கவோ அருமையான காரணம் இருந்தது: பட்டன் இல்லாமல் வாசப்படி மிதிப்பதில்லை என்ற சபதம். கண் தெளியாமல் பட்டனைப் பொறுக்க முடியாது, பட்டனில்லாமல் கண்ணைக் காட்டப் போக முடியாது. அண்ணி அந்த இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

கடையை விரலால் நடத்தினாள். ஓட்டையை எண்ண விரல் போதும், அளவுக்கும் விரல் போதும். டப்பாவின் இடம் கைக்குத் தெரியும். நிறம் கேட்டு யாராவது வந்தால் மட்டும் பட்டன்களைப் பரப்பிவிட்டு, “நீங்களே சொல்லுங்க, உங்க மனசுக்கு எது படுது?” என்றாள்.

நாத்தனார் ஏணியிலிருந்து இறங்கிவந்துவிட்டாள். அண்ணி ஒருத்தரிடம் அபிப்பிராயம் கேட்கிறாள் என்றால் உடம்பில் ஏதோ பெரிதாக ஆகியிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க இரண்டு டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாள். அண்ணி முட்டையோட்டு வெள்ளை என்று சொல்லி இளஞ்சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். வாங்க வந்தவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் அனுபவம் அப்படி.

“அண்ணி, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாங்க. வியாழக்கிழமை வரணுமாம்.”

“ஸ்டாக் எடுக்கணும்டி.”

“நேத்துதான எடுத்தோம்?”

“திருப்பி எடுக்கணும். உன் எண்ணிக்கையில எனக்கு நம்பிக்கையில்ல.”

“கண்ணு ஏதாவது தொந்தரவா அண்ணி?”

“என் கண்ணுக்கென்ன? கழுகு!”

நாத்தனார் கழுகின் கையில் டீ டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். டம்ளர் இரண்டு நிமிஷமாக அதன் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அண்ணிக்கு ஒரு யோசனை உதித்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா ஏணி ஏறுறியே, ஏதாவது கத்துக்கிட்டியான்னு பார்க்கறேன். டாக்டர் கோட்டுக்கு இருபத்திரண்டுல ஒண்ணு பொறுக்கு. பளிச்சுனு இருக்கணும், கீறல் கூடாது.”

நாத்தனார் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறி, வெகுநேரம் துழாவி, ஒரு பட்டனைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். அண்ணி விரலால் தடவினாள். நாலு ஓட்டை. மெல்லிய விளிம்பு. அளவு சரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தெரிந்த மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பரவாயில்லையே, தேறிட்ட!”

“உங்க வளர்ப்பு அண்ணி” என்றாள் நாத்தனார், மிகவும் அடக்கமாக.

சபதம் தீர்ந்துவிட்டதால் இனி வியாழக்கிழமையைத் தட்டிக்கழிக்க வழியில்லை. பட்டனைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள்; அதைக் கொடுத்த கையோடு திரும்பிவிடுவது என்று அண்ணி தீர்மானித்திருந்தாள். கண்ணைப் பற்றிக் கேட்டால் கழுகு.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். பட்டனைக் கோட்டில் வைத்துப் பார்த்தார். நர்ஸுக்கு மறுபடியும் இருமல். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது எந்த வெள்ளைம்மா?”

“இருபத்திரண்டு.”

“பக்கத்துல இருக்கற பட்டனையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா?”

அண்ணி குனிந்தாள். இன்னும் குனிந்தாள். நெற்றி கோட்டில் இடிக்கிற வரைக்கும் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, எனக்குக் கோட்டே புகையாத்தான் தெரியுது. ரெண்டு மாசமா. கெட்டுப்போச்சா? கெட்டுப்போச்சுன்னா நேரா சொல்லிடுங்க.”

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, மோவாயை இயந்திரத்தில் வைக்கச் சொல்லி, ஒளியைப் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். அண்ணி மூச்சுவிடவில்லை.

“லென்ஸ் நல்லா இருக்கும்மா, ஒண்ணும் ஆகல. அதுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு சவ்வு, அது உங்களோடதே. அதுதான் மங்கிப்போச்சு. பலபேருக்கு வர்றதுதான். லேசர் வெளிச்சத்தால அதுல சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டா, அதுவழியா பார்வை தெளிஞ்சுடும்.”

அண்ணி மெல்ல மூச்சை விட்டாள். இயந்திரத்திலிருந்து மோவாயை எடுத்தாள்.

“பட்டன் ஓட்டை மாதிரி காஜா எடுக்கறேன்னு சொல்லுங்க.”

“அப்படியே வச்சுக்கலாம்.”

“சுத்தி எத்தனை தையல்?”

“தையலே கிடையாதும்மா.”

“தையல் போடாத காஜா பிரிஞ்சுபோகுமே தம்பி?”

“இது பிரியாது.”

“கோணலா விழுந்துட்டா?”

“அசையாம இருந்தீங்கன்னா நேரா விழும்” என்றார் டாக்டர். நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக அண்ணி சொன்னபடி கேட்டாள். ஐந்து நிமிஷம். வலி இல்லை. டிக் டிக் என்று தையல் மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வெளியே நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு வந்த அண்ணியைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி சொன்னாரு?”

“காஜா எடுத்திருக்கு. கண்ணுல ரெண்டு கொசு பறக்குது, நாளாக நாளாக அடங்கிடுமாம். திடீர்னு கூட்டமா பறந்தாலோ, மின்னல் அடிச்சாலோ உடனே ஓடி வரணுமாம். எதுக்குடி அழற?”

“யாரு அழறா? உங்களுக்குத்தான் இன்னும் கண்ணு சரியா தெரியல.”

மறுநாள் காலையில் அண்ணி கடையைத் திறந்து, டாக்டர் திருப்பிக் கொடுத்த பொட்டலத்தை மேசைமேல் பிரித்தாள். பட்டனைப் பார்த்தாள். பச்சை. கொழுந்து விட்ட இலையின் பச்சை. இருபத்திரண்டாம் நம்பர் டப்பாவைத் திறந்து அதன் பக்கத்தில் ஒன்றை வைத்தாள். ஏணியில் பாதி ஏறியிருந்த நாத்தனார் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏண்டி, இது எந்த டப்பா?”

“நீங்கதான அண்ணி, தேறிட்டன்னீங்க?”

அண்ணி இருபத்திரண்டில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்து, கீறல் இல்லையென்று பார்த்து உறையில் போட்டாள். உறைமேல் இடது கண்ணுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதியை எழுதினாள். அதன்பிறகு ஆணியில் தொங்கிய நாத்தனாரின் ஸ்வெட்டரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கிட்டத்துக்குப் போடும் கண்ணாடியை மாட்டி, மூன்றாவது முயற்சியில் தானே ஊசியில் நூல் கோத்து, ஒரு வருஷத்துக்கு மேலாகக் காலியாக இருந்த இடத்தில் அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தமாக, நாலு ஓட்டைக்கும் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள்.

“அண்ணி! அது கறுப்பு ஸ்வெட்டரு!”

அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள்.

“தெரியுதுடி. நல்லாவே தெரியுது.”