நேர்மின்வாய்க்குக் கழித்தல் குறி

என் சித்தியைப் பிளஸ் டூவில் கவிழ்த்தது ஒரு கூட்டல் குறி என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அம்மாவின் தங்கையான அவள் குன்னூரில் எங்களோடு தங்கிப் படித்தாள். வேதியியலில் மட்டும் போய்விட்டது. அது இல்லாமல் நர்சிங் கிடையாது. துணைத் தேர்விலும் தவறினால், தான் வேலை செய்யும் தேயிலை ஃபேக்டரியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தியும் நானும் ஒரே கம்பளிக்குள்தான் தூங்குவோம். அவள் எழுதுவதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். அவளைக் கவிழ்த்தது மின்கலம் பற்றிய கேள்வி. துத்தநாகம் எலக்ட்ரானை இழக்கிறது, அது இடது பக்கம். தாமிர அயனி வாங்கிக்கொள்கிறது, அது வலது பக்கம். நடுவில் உப்புப் பாலத்துக்கு இரண்டு கோடு. எனக்கு ஓர் எழவும் புரியாது, ஆனால் கோடு குறைந்தால் விடமாட்டேன். சித்தி இதையெல்லாம் மளமளவென்று எழுதிவிடுவாள். இடது பக்கத்து நேர்மின்வாய்க்குக் குறி போடும்போதுதான் கை தானாகக் கூட்டலுக்குப் போகும். புத்தகத்திலோ கழித்தல்.

"நேர்னா ப்ளஸ்தானே கண்ணு? பேரை அப்படி வெச்சுப்போட்டு மைனஸ் போடுன்னா நான் என்னதான் பண்றது?" என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தி தப்பாகச் சொல்லமாட்டாள். ஆகவே தப்பு புத்தகத்தினுடையது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பேனாவால் அந்தக் கழித்தலை அழுத்தமான கூட்டலாக்கினேன்.

"புஸ்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க சித்தி. நான் திருத்திட்டேன்."

முதுகில் ஒன்று விழும் என்று பார்த்தால், அவள் ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். ஃபெயிலானதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

துணைத் தேர்வில் அதே கேள்வி வந்தது. நேர்மின்வாய் என்று எழுதியதுமே என் மூஞ்சி ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே கழித்தல் போட்டாளாம். அப்பாவின் போனில் ரிசல்ட் வந்த அன்று, சித்தி என்னால்தான் பாஸ் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். யாரும் மறுக்கவில்லை.

நர்சிங் படிக்கக் கிளம்பி, கோயமுத்தூர் பஸ்ஸில் அவள் பெட்டியை ஏற்றியபோது, நானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எங்கடி போற? எறங்கு" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

பாஸானால் சித்தி எங்களை விட்டுப் போய்விடுவாள் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அவள் ஃபெயிலாக வேண்டும் என்றுதான் சாமியிடம் கேட்டிருப்பேன்.